முப்பத்தொன்றாம் துளை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
இந்தப் பாலத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
நாற்பது குளிர்காலம் லாரி லாரியாக உப்பிட்டோம்.
நினைத்தது.
தார் தாண்டி, காரை தாண்டி,
உள்ளிருந்த இரும்புக் கம்பி வரை நினைத்தது.
துரு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்க,
தடுப்புச் சுவர் சில்லு சில்லாக
ஸேன் மொரீஸ் ஆற்றில் உதிர்ந்தது.

இம்முறை இரும்பு வேண்டாம் என்றார்கள்.
கண்ணாடி இழைக் கம்பி வந்தது,
எள்ளில் புரட்டிய மிட்டாய்க் குச்சிபோல
உடம்பெல்லாம் மணல் ஒட்டி.
எடை இரும்பில் கால்வாசி.
ஸொலாஞ் அவாஷிஷ் ஒரு தோளில் பன்னிரண்டைப் போட்டுக்கொண்டு
மறு கையில் காபியோடு வருவாள்.

துருப்பிடிக்காது. உப்பை லட்சியம் செய்யாது.
வளைந்து கொடுக்கவும் கொடுக்காது.
இரும்பென்றால் அங்கேயே மடக்கி, கொக்கி போட்டு
எதன் கழுத்திலாவது மாட்டிவிடலாம்.
இதை மடக்கினால் நார் நாராகப் பிரியும்.
ஆகவே பழைய தளத்தில் ஒரு சாண் ஆழத் துளை,
அதில் பசை, பசையில் கம்பி.
மீதியெல்லாம் பற்று.

அக்டோபர் கடைசி. இரவு பத்துக்குமேல் ஒரு தடம் நமக்கு.
அவள் துளையிடுவாள். ஊதுவாள், துலக்குவாள், மறுபடி ஊதுவாள்.
குழாயில் முதலில் வரும் பசை
இரு நிறமாய்க் கோடு கோடாக வரும், அதைக் கீழே விடுவாள்.
ஒரே சாம்பல் நிறமானதும்
அடியிலிருந்து நிரப்பி, கம்பியைத் திருகி இறக்கி
பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எண் எழுதுவாள்.
ஏழுகளுக்கு மட்டும் இடுப்பில் ஒரு கோடு.

மறுநாள் இரவு நான் வருவேன், பிடுங்கிப் பார்க்க.
என் வேலை அவ்வளவுதான்,
அடுத்தவர் நட்டதைப் பிடுங்குவது.
அதிலும் ஒரு சிக்கல்: பல்லால் கவ்வினால் இந்தக் கம்பி நசுங்கிவிடும்.
நீளவாக்கில் யானையைத் தாங்கும்,
குறுக்கே ஒரு கிள்ளு தாங்காது.
எஃகுக் குழல் ஒன்றை அதன் தலையில் ஒட்டித்தான் இழுக்க வேண்டும்.
சோதிக்கவும் முதலில் ஒட்ட வேண்டும்.

ஆறு, பதினேழு, இருபத்திரண்டு.
முள் ஏறியது, நின்றது, அசையவில்லை.
முப்பத்தொன்று
வெண்ணெயில் விட்ட கத்திபோல வெளியே வந்தது.

விளக்கில் காட்டினேன்.
கம்பியைச் சுற்றிப் பசை முழுசாக இருந்தது.
பசையைச் சுற்றி மாவுபோலத் தூசி.
பசை தன் வேலையில் குறை வைக்கவில்லை,
கிடைத்ததைப் பிடித்திருக்கிறது.
கிடைத்தது தூசி.

நான் கேட்பதற்குமுன் அவளே சொன்னாள்:
"காற்றுக் குழாய் உறைந்துவிட்டது.
இதை மட்டும் வாயால் ஊதினேன்."
பிறகு, "இது ஒன்றுதான்."

நம்புகிறேன் என்று சொல்ல எனக்குப் படிவத்தில் இடமில்லை.
இருபுறமும் ஐந்தைந்து இழுத்தேன்.
விடியும்வரை பக்கத்தில் நின்றாள்,
கண்ணாடித் தூசு அரிக்கும் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு.
பத்தும் நின்றன.
சாண் தள்ளி, புதுத் துளை. நான்கு முறை ஊதினாள்.
நவம்பரில் காரை ஊற்றி எல்லாவற்றையும் மூடினோம்.

மூன்றாம் பிப்ரவரியில் அழைத்தார்கள்.
மரம் ஏற்றிய லாரி ஒன்று இரவில் சறுக்கியிருக்கிறது.
சுவரில் பத்தடிக்குக் கரிய டயர்த் தடம்,
ஓரிடத்தில் தலைமுடியளவு விரிசல்.
கீழே ஆறு, பனிக்கட்டிக்கு அடியில், தன்பாட்டுக்கு.

வரைபடத்தை விரித்து எண்களைத் தேடினேன்.
முப்பத்தொன்றுக்கு அருகில் இல்லை.
நூற்றி நாற்பதுகள்.
அங்கே ஒன்றைக்கூட நான் இழுத்துப் பார்த்ததில்லை.

படம் எடுத்து ஸொலாஞ்சுக்கு அனுப்பினேன்.
அவள் இப்போது வேறொரு பாலத்தில்.
"ஓட்டுநர்?" என்று கேட்டாள்.
நிற்காமல் போய்விட்டானாம் என்றேன்.
"நல்லது" என்றாள்.